இறக்கத்தில் ஏறும் எண்

மூன்று வாரமாக என் இடது காலுக்கு வேலை இல்லை.
இந்த வண்டிக்குக் கிளட்ச் கிடையாது.
இருபத்து மூன்று வருஷம் மிதித்த கால்
வளைவு வரும்போதெல்லாம் தானாக எழுந்து
எதையோ தேடிவிட்டு
ரப்பர் விரிப்பில் சும்மா உட்கார்கிறது.

கோத்தகிரி, காலை ஆறு பத்து.
முக்காட்டுக்குள் கண்மூடியிருந்த ருக்கியம்மா
"எப்பதான் ஸ்டார்ட் பண்ணுவ?" என்று கேட்டபோது
வண்டி டானிங்டனைத் தாண்டியிருந்தது.
கையில் வழக்கமான எலுமிச்சம்பழம்.
குஞ்சப்பனை வரை அதை முகராமலே வந்தார்.
அவருக்கே அது இறங்கும்போதுதான் தெரிந்தது.

டிப்போவுக்கு வந்த பொறியாளர் அமலோற்பவம்
ஒரே ஒரு விதி சொன்னார்:
மேலே நிற்கும்போது நூறு வரை ஏற்றாதீர்கள்.
எழுபதில் கழற்றிவிடுங்கள்.
இறக்கம் கொடுப்பதை வாங்கிக்கொள்ள
உள்ளே இடம் வேண்டும்.

டீசல் குறைந்தால் வயிறு கலங்கும் சாதி நான்.
எழுபதோடு கிளம்பிய முதல் நாள்
மலையைப் பார்க்கவில்லை, எண்ணையே பார்த்தேன்.
அரவேணுவில் எழுபது.
முள்ளூரில் எழுபத்திரண்டு.
பலாப்பழ வாசனை அடிக்கும் திருப்பத்தில்
ஒற்றைக் கொம்பன் சாலையை மறித்து நிற்க
பத்து நிமிஷம், ஒரு உறுமலும் இல்லாமல்
நாங்களும் நின்றோம்.
அது எங்களை வண்டி என்றே எடுத்துக்கொள்ளவில்லை.
மேட்டுப்பாளையத்தில் எழுபத்தேழு.

பாரம் சுமந்து இறங்கியவனுக்கு
மலை கூலி கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

சந்தோஷத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.
திரும்பி ஏறும்போது நாற்பத்திரண்டு போனது.
கொடுத்தது ஏழு, கேட்டது நாற்பத்திரண்டு.
அந்த மின்சாரமும் எங்கிருந்து?
கொஞ்சம் குந்தா அணைத் தண்ணீர்,
கொஞ்சம் எங்கோ எரிகிற நிலக்கரி.
எதிரே, இல்லை, கூடவே ஏறிக்கொண்டிருந்தது
சனிக்கிழமையின் கார் வரிசை.
ஒரு காருக்கு ஒரு தலை,
சிலவற்றில் ஒரு தலையும் ஒரு நாய்க்குட்டியும்.
என் பின்னால் பதினெட்டு இருக்கை காலி.

அரவேணுவில் இரவு ஷிப்ட் முடித்து ஏறுவார் யோகானந்தன்,
தேயிலை ஆலையில் உலைக்காரர்.
"உன் வண்டியில புகையே இல்லயாம்.
நான்தான் சட்டையில ஏத்திட்டு வர்றேன்" என்பார்.
ஒரு நாள் தூங்காமல் பேசினார்.
கற்பூர மரக்கட்டையை ஈரமாகவே தள்ளுகிறார்களாம்.
பாதி நெருப்பு கட்டையின் தண்ணீரைக் காய்ச்சவே சரி.
இவர் சண்டை போட்டு ஒரு தகரக் கொட்டகை வாங்கினார்,
ஒரு மாசம் காயவைத்தார், ஓட்டைக் குழாயை அடைத்தார்.
பத்து கட்டை கேட்ட உலை இப்போது ஏழு கேட்கிறது.
"மிச்ச ஏழை என்ன செய்ய?" என்றேன்.
"அதான் தெரியல" என்று ஜன்னலில் சாய்ந்தார்.
கண்ணாடியில் கரிக்கோடு விழுந்தது.
நான் துடைக்கவில்லை.

நேற்று டிப்போ காவலர் பெள்ளிராஜுக்கு
என்மேல் இரக்கம்.
அரைவயிற்றோடு அனுப்புவதா வண்டியை என்று
ராத்திரி முழுக்க ஏற்றி நூறாக்கி வைத்திருந்தார்.
திட்ட வாய் வரவில்லை. ஆறு பத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

எண் அசையவே இல்லை.
மலை நீட்டியதை வாங்க உள்ளே இடமில்லை.
முள்ளூருக்குக் கீழே
பிரேக்கையே நம்பி இறங்கினேன்.
நாலாவது வளைவில் வந்தது
லைனிங் கருகும் அந்தப் பழைய நாற்றம்.
ருக்கியம்மா பைக்குள் எலுமிச்சம்பழம் தேடினார்.
என் இடது கால்
பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
எழுந்து நின்றது.